வெள்ளறை நிகமமும் எரியோட்டுக் கடைவீதியும்

பாண்டிய நாட்டுக் குன்றுகளில் உள்ள கற்படுக்கைகளைக் காணச் செல்லும் நம் குடும்பத்தார், அங்கே தங்கித் தவம் இயற்றிய முனிவர்களை எண்ணி வணங்கித் திரும்புகின்றனர். அப்படுக்கைகளை வெட்டுவித்தவர் யாவர் என்று கேட்போர் மிகச் சிலரே. படுக்கைகளின் அருகே பொறிக்கப்பட்டுள்ள தமிழி எழுத்துகள் அவ்வினாவுக்கு விடை தருகின்றன. மன்னரும் அவர்தம் அதிகாரிகளும் ஒருபுறம் இருக்க, உப்பு விற்றவரும் துணி விற்றவரும் கொழு விற்றவரும் அக்கொடையாளர் வரிசையில் நிற்கின்றனர். நம் அறம் மலைமீது தங்கியது. அதற்குச் சோறிட்ட கைகளுள் பல கடைத்தெருவில் இருந்தன.

இன்று தமிழகத்தின் சிற்றூர்க் கடைவீதிகளைப் பற்றிய கவலை எங்கும் கேட்கிறது. பெருநகரத்துப் பேரங்காடிகளும் கைப்பேசி வழி வாணிகமும் வந்தபின், ஊர் நடுவே இருக்கும் சிறு கடைகள் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதே அக்கவலை. திண்டுக்கல் மாவட்டத்தில், திண்டுக்கல்லுக்கு வடக்கே, வேடசந்தூர் வட்டத்தில் அமைந்த எரியோடு பேரூராட்சியும் அத்தகைய கடைவீதி ஒன்றை உடைய ஊர். வணிகரின் கொடை கல்வெட்டுகளாய் நிலைத்த கருவூர்ப் பக்கத்துக்கும் மதுரைப் பக்கத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில் அது இருக்கிறது. ஆகவே, அதன் எதிர்காலத்தை எண்ணுமிடத்து இந்நிலத்து வாணிகத்தின் பழைய வரலாற்றையும் உடன்வைத்து எண்ணுதல் பொருந்தும்.

கல்லில் நின்ற கடைக்காரர்கள்

மதுரைக்கு வடகிழக்கே உள்ள மாங்குளம் குன்றின் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவன் அவர்களின் கணிப்பு. கணிநந்தாசிரியன் என்னும் முனிவருக்குப் பாண்டியன் நெடுஞ்செழியனைச் சார்ந்தோர் பள்ளி அமைத்துத் தந்த செய்தியோடு, வெள்ளறை நிகமத்தோர் கொடுத்த கொடையும் அங்கே பதிவாகியுள்ளது. நிகமம் என்பது வணிகர்கள் கூடி அமைத்த குழு. தனி ஒருவர் பெயரின்றி ஒரு குழுவின் பெயரால் கொடை நிகழ்ந்தது என்றால், அக்குழுவுக்குப் பொதுப் பணமும், அதைச் செலவிடப் பொது முடிவு எடுக்கும் முறையும் இருந்தன என்பது பெறப்படும்.

மாங்குளத்துக்கு அருகில், கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலைக் குகைத்தளத்தில் இன்னும் விரிவான பட்டியல் உள்ளது. மதுரைப் பொன்கொல்லன் ஒருவன், உப்பு வணிகன் வியகன், வெல்லப்பாகு போன்ற இனிப்புப் பண்டம் விற்ற பணித வணிகன் நெடுமூலன், உழவுக்குரிய கொழு விற்ற இளஞ்சந்தன், ஆடை விற்ற அறுவை வணிகன் ஒருவன் ஆகியோர் அங்கே பெயர் பெற்றுள்ளனர். வடக்கே கருவூருக்கு அருகிலுள்ள புகலூர் ஆறுநாட்டார் மலையில், சேர மன்னர் மரபைக் குறிக்கும் புகழ்பெற்ற கல்வெட்டோடு, கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவனின் கொடையும் காணப்படுகிறது.

இவர்களுள் பொன் விற்றவரை விட்டுவிடுவோம். உப்பு விற்றவனுக்கும் கொழு விற்றவனுக்கும் என்ன பெரிய ஊதியம் கிடைத்திருக்கும்? அவர்கள் கொடுத்தது பெருங்கோயில் அன்று. ஒருவர் படுத்து உறங்கும் அளவுக்குச் செதுக்கிய கல். ஆயினும் அச்சிறு கொடைகள் பல சேர்ந்தே மலைப்பள்ளி அமைந்தது. உப்பு, துணி, இனிப்பு, இரும்பு, பொன் என்னும் அப்பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்தால், இன்றைய எந்தச் சிற்றூர்க் கடைவீதியின் பெயர்ப்பலகைகளையும் படிப்பது போலவே இருக்கும். மளிகை, ஜவுளி, மிட்டாய்க்கடை, இரும்புக்கடை, நகைக்கடை என்று சொற்கள் மாறியுள்ளன; தொழில்கள் மாறவில்லை.

வழி மாறியபோது மாறிய ஊர்கள்

கடைவீதி என்பது வழியின் பிள்ளை. வழி எங்கே போகிறதோ அங்கே கடை போகும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் மதுரை நோக்கிச் செல்லும்போது, மாங்காட்டு மறையோன் அவர்களுக்கு மூன்று வழிகளை விரித்துரைக்கிறான். அவற்றுள் வலப்பக்கத்து வழியில் வருவது திண்டுக்கல்லை அடுத்த சிறுமலை. சமணத் துறவி ஒருவரும் வணிகக் குடும்பம் ஒன்றும் சேர்ந்து நடந்த பயணம் அது. துறவியரும் வணிகரும் ஒரே சாலையில் நடந்தனர் என்பதற்கு அக்காப்பியத்தை விடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் வழிகள் நிலையானவை அல்ல. பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் உள்ள பொருந்தல் இன்று ஓர் அமைதியான சிற்றூர். அங்கே நடந்த அகழாய்வு, கண்ணாடி மணிகள் செய்த ஒரு தொழிற்களத்தை வெளிப்படுத்தியது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணல், கல்மணிகளும் இரும்பும் செய்து மேற்குக் கடற்கரை வரை வாணிகம் நடத்திய ஊர். நிகமம் என்ற சொல் பொறித்த பானை ஓடு அங்கே கிடைத்திருக்கிறது. அதுவும் இன்று சிற்றூரே. மாங்குளத்துக் கல்வெட்டு கூறும் வெள்ளறை, அருகிலுள்ள வெள்ளரிப்பட்டியே என்று ஆய்வாளர் கருதுவர். அது உண்மையாயின், தன் பெயரால் கொடை வழங்கும் அளவுக்கு வணிகர் குழு பெற்றிருந்த ஓர் ஊர், சாலையோரச் சிற்றூராகச் சுருங்கியதை அங்கே காண்கிறோம்.

அண்மைக் காலத்திலும் இம்மாற்றங்கள் தொடர்ந்தன. 1792இல் திண்டுக்கல் சீமை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து அய்யலூர், வடமதுரை, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இருப்புப்பாதை அமைந்தது. வண்டிப்பாதை ஓரத்தில் இருந்த வாணிகம் புகைவண்டி நிலையங்களின் பக்கம் நகர்ந்தது. பின்னர்ப் பேருந்துகள் வந்தன; பேருந்து நின்ற இடம் கடைவீதி ஆயிற்று. கருவூருக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே நேர் இருப்புப்பாதை அமைந்தபோது எரியோட்டுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. 1985 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. அதன்பின் மாவட்ட அலுவல்களுக்காக மதுரை செல்ல வேண்டியிருந்தவர்கள் திண்டுக்கல்லோடு திரும்பினர். அந்நகரத்துக் கடைவீதிகள் வளர்ந்தன.

இப்போது கருவூரையும் திண்டுக்கல்லையும் இணைக்கும் நான்குவழிச் சாலை, வேடசந்தூர் வழியாக, எரியோட்டுக்கு மேற்கே ஓடுகிறது. அச்சாலையில் செல்வோர் எரியோட்டைக் காண்பதில்லை. எரியோட்டு மக்களோ விரைவில் திண்டுக்கல்லை அடைந்துவிட முடிகிறது. அதற்கும் மேலாக, வழியே இல்லாத வாணிகம் ஒன்று வந்துவிட்டது. கைப்பேசியில் விரல் வைத்தால் பொருள் வீட்டு வாசலுக்கு வருகிறது. பழைய மாற்றங்கள் கடைகளை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்த்தின. இம்மாற்றமோ கடைவீதி என்னும் இடமே தேவையா என்று கேட்கிறது.

யாருக்கு இழப்பு

வண்டி உள்ளவருக்கும் கைப்பேசி வல்லவருக்கும் இதனால் இழப்பு ஒன்றும் இல்லை, இலாபமே. இழப்பு வேறு சிலருக்கு. வேடசந்தூர்ப் பகுதியின் நூற்பாலைகளில் வேலை செய்து, கூலி வரும் நாள்வரை பற்று எழுதி மளிகை வாங்கும் பெண்ணுக்குப் பேரங்காடியில் பற்றுக் கணக்கு இல்லை. மானாவாரிக் காட்டில் விளைந்த பயறையும் கடலையையும் சிறு மூட்டையாகக் கொண்டுவருபவருக்கு, அதை எடைபோட்டு வாங்கும் ஊர்க் கடைக்காரர் வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனித்து வாழும் முதியவருக்கு மருந்துக்கடை நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும். இரண்டு நாள் அவர் வராவிட்டால் ஏன் என்று கேட்கும் ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். கடைவீதி மூடினால் இவர்கள் இழப்பது விலையில் அடங்குவதன்று.

சந்தைகளின் நிலை இதற்கு ஒரு சான்று. எரியோட்டுக்கு அண்மையில் உள்ள அய்யலூரில் வியாழன்தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஆடு வாங்கி விற்கும் தொழிலில் நம்மவர்க்குப் பங்கில்லை. அதை நாம் போற்றவும் இயலாது. ஆயினும் ஒரு செய்தி அதிலிருந்து அறியத்தக்கது. குறித்த நாள், குறித்த இடம், பல ஊரார் நேரில் கூடுதல் என்னும் பழைய ஏற்பாடு, இத்தனை மாற்றங்களுக்குப் பின்னும் உயிரோடு இருக்கிறது. நேரில் பார்த்து, பேசி, நம்பி வாங்க வேண்டிய தேவை இருக்கும்வரை மக்கள் கூடுகின்றனர்.

அளவும் நாணயமும்

நம்பிக்கை என்னும் இடத்தில் நம் நூல்கள் சொல்வது மிகுதி. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இல்லறத்தாரின் அணுவிரதங்களையும் அவற்றுக்கு நேரும் அதிசாரங்களையும் விளக்குகிறது. கள்ளாமை விரதத்துக்கு அங்கே ஐந்து குற்றங்கள் கூறப்பட்டுள்ளன: திருடத் தூண்டுதல், திருட்டுப் பொருளை வாங்குதல், அரசின் விதியை மீறி வாணிகம் செய்தல், அளவையிலும் நிறையிலும் கூட்டிக் குறைத்தல், போலிப் பொருளைக் கலந்து விற்றல். இவ்வைந்தில் எதுவும் காட்டில் வாழும் கள்வனைப் பற்றியதன்று. அனைத்தும் கடைக்காரரின் மனத்தில் எழக்கூடிய ஆசைகள். எழுதியவர் கடைவீதியை நன்கறிந்தவர்.

தமிழ் அரசுகளும் இதனை உணர்ந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நெல்லை அளக்கும்போது, ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்ததாகவும் அது இராசகேசரி என்னும் அளவுக்கு ஒத்தது என்றும் குறிக்கின்றன. அளவைக்கு இறைவன் பெயரும் அரசன் பெயரும் சூட்டியது, அதில் கை வைப்போர் அஞ்ச வேண்டும் என்பதற்காகவே எனலாம். விடுதலை பெற்ற இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி மெட்ரிக் எடைகள் வந்து, படியும் வீசையும் வழக்கொழிந்தன.

1999 நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணாநகரில் தொடங்கிய உழவர் சந்தை இத்தொடரில் வைத்து எண்ணத்தக்கது. இடைத்தரகர் இன்றி உழவரே விற்றல், நாள்தோறும் விலையை எழுதி வைத்தல், தராசை நிருவாகமே தருதல் என்பன அதன் விதிகள். புதிய பொருள் எதுவும் அங்கே விற்கப்படவில்லை. விலையும் எடையும் ஐயத்துக்கு இடமின்றி ஆனதே புதுமை. மக்கள் திரண்டு வந்தனர்.

சிறு கடைகளின் தளர்ச்சிக்குப் பேரங்காடி மட்டுமே காரணம் என்று கூறுவது நேர்மை ஆகாது. எடை குறைத்த தராசு, காலாவதி நாள் தேய்ந்த பொட்டலம், விலை கேட்டால் முகம் சுளிக்கும் விடை, நடைபாதையை அடைத்து வைத்த மூட்டை ஆகியவையும் வாடிக்கையாளரைத் துரத்தின. கைப்பேசி வாணிகம் அவர்களுக்குத் தந்தது விலைக்குறைப்பு மட்டும் அன்று. எழுதிய விலையும், பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் உரிமையும் ஆகும். கடைவீதி மீண்டும் நிமிர வேண்டுமாயின் இவ்விரண்டையும் தானே தர வேண்டும்.

மகமை என்னும் பொதுப்பணம்

தனிக் கடைக்காரர் எத்துணை நாணயமானவராயினும் ஒரு வீதியைத் தனியாகக் காக்க இயலாது. நிழல், குடிநீர், கழிப்பறை, விளக்கு, வண்டி நிறுத்த இடம் எல்லாம் பொதுவானவை. இவ்வுண்மையை நம் நாட்டு வணிகர் மிக முன்பே அறிந்தனர். சோழர் காலத்தில் வணிகர் வாழ்ந்த ஊருக்கு நகரம் என்ற பெயரும், அதன் அவைக்கு நகரத்தார் என்ற பெயரும் இருந்தன. ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் போன்ற பெருங்குழுக்கள் ஊர் கடந்து இயங்கின. பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பல ஊர் வணிகர் கூடி, தாங்கள் விற்கும் உப்பு, நெல், துணி, மிளகு முதலிய பண்டங்கள்மீது தாங்களே ஒரு சிறு பங்கு விதித்துக் கோயிலுக்குத் தர முடிவு செய்ததைக் கூறுகிறது. அரசன் விதித்த வரி அன்று அது; வணிகர் தமக்குத் தாமே விதித்துக் கொண்டது.

பிற்காலத்தில் இதுவே மகமை எனப்பட்டது. விருதுநகர் முதலிய ஊர்களில் நாடார் பெருமக்கள் 19ஆம் நூற்றாண்டில் மகமைப் பணத்தால் பேட்டைகளையும் பள்ளிக்கூடங்களையும் நடத்தினர். அப்பள்ளிகளில் படித்தோர் வழியே ஒரு சமூகமே எழுந்தது.

இதே கருத்து வேறொரு கண்டத்தில் சட்டமாக மலர்ந்ததையும் காணலாம். கனடாவின் டொராண்டோ நகரில் 1968இல் சுரங்க இரயில் நீட்டிக்கப்பட்டபோது, டிராம் வண்டியில் கடைத்தெரு வழியே சென்ற மக்கள் நிலத்தடியில் செல்லத் தொடங்கினர். புறநகரில் பேரங்காடிகளும் எழுந்தன. ப்ளூர் மேற்குக் கிராமம் என்னும் பகுதியின் கடைக்காரர்கள் தளர்ந்தனர். அவர்கள் கேட்டது மானியம் அன்று. தங்கள் வீதியில் உள்ள கடைகள் அனைத்தும் கட்டாயமாக ஒரு பங்கு செலுத்த வேண்டும், அப்பணத்தை வீதிக்கே செலவிடும் உரிமை தங்கள் குழுவுக்கு வேண்டும் என்று கேட்டனர். 1970இல் அது நடைமுறைக்கு வந்தது. பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. பிரான்மலைக் கல்வெட்டைப் படித்தவருக்கு அது புதுமையாகத் தோன்றாது.

தமிழகத்தில் சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார் 2019இல் நடப்போருக்கான அகன்ற நடைபாதை கொண்ட வீதியாக மாற்றப்பட்டது. அரசின் பெரும் பொருட்செலவில் அது நடந்தது. எரியோடு போன்ற பேரூராட்சிகளுக்கு அத்தகைய பொருள் கிடைப்பது அரிது. அவை நம்பத்தக்கது மகமையையே.

புதுக்குதலும் முதல் வைத்தலும்

எரியோடு உள்ள இதே மாவட்டத்தில், பழனிக்கு மேற்கே ஐவர்மலை நிற்கிறது. அதன் பாறையில் பதினாறு தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல் பொறிக்கப்பட்ட வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், திருவயிரையில் இருந்த பார்சுவ பட்டாரகரையும் இயக்கியரையும் புதுக்கி, வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்தார் என்பது அதன் செய்தி.

இச்செய்தியில் இரண்டு செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது புதுக்குதல். 9ஆம் நூற்றாண்டிலேயே அத்திருமேனிகள் பழையவை. அவற்றை விட்டுவிட்டு வேறிடத்தில் புதியன செய்ய அவர் எண்ணவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தவற்றைச் சீர்செய்தார். இரண்டாவது முதல் வைத்தல். சீர்செய்தது மீண்டும் சிதையாமல் இருக்க, ஆண்டுதோறும் பயன்தரும் பொன்னை வைத்தார். பணிமுடிவு விழாவோடு அவர் கடமை முடிந்துவிடவில்லை.

சிற்றூர்க் கடைவீதிகளுக்கு நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு மாறானது. பழைய வீதி தளர்ந்தால், பேருந்து நிலையத்தின் அருகே புதிய வணிக வளாகம் கட்டுகிறோம். ஏலத்தில் வாடகை உயர்கிறது; மாடியிலுள்ள கடைகள் பூட்டிக் கிடக்கின்றன; கட்டிய கட்டடத்தைப் பேண எவரிடமும் பணம் இல்லை. புதுக்குதலும் இல்லை, முதலும் இல்லை.

எரியோட்டுக் கடைவீதி இன்னும் ஒரு தலைமுறை நிற்க வேண்டுமாயின், ஐவர்மலைக் கல்வெட்டின் முறையே அதற்கும் முறை. இருக்கும் வீதியைச் சீர்செய்க: நடப்பதற்கு இடம், உட்காரத் திண்ணை, வெயில் தாங்க மரம், பெண்கள் அச்சமின்றிப் பயன்படுத்தும் கழிப்பறை. கடைதோறும் நாள் ஒன்றுக்குச் சில ரூபாய் மகமை சேர்த்து அதைப் பேணுக. எல்லாக் கடைகளுக்கும் பொதுவான ஓர் எடைச் சோதனை மேடை வைக்கப்பட்டு, வாங்கியவர் எவரும் அங்கே எடையைச் சரிபார்க்கலாம் என்ற நிலை வந்தால், கைப்பேசி வாணிகம் தரமுடியாத ஒரு நம்பிக்கையை அவ்வீதி தரும். கைப்பேசியையும் பகையாகக் கருத வேண்டியதில்லை. 2016இல் வந்த யுபிஐ முறையைப் பூ விற்கும் மூதாட்டியும் கையாளுகிறார். தொலைபேசியில் சொன்னால் முதியோர் வீட்டுக்கு மருந்தும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை, ஊரை அறிந்த கடைப்பையனை விடச் சிறப்பாகச் செய்வார் யார்?

இதில் நம் சமூகத்தின் பங்கு என்ன என்று கேட்கலாம். தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வடமாவட்டங்களில் உழவராய் வாழ்ந்தவர். இன்று நகரங்களில் பணியாளராய்ப் பரவியுள்ளோம். எனினும் ஊர்தோறும் நாம் வாங்குவோர், சிலர் விற்போர், சிலர் கடைக் கட்டடம் உடையோர். வாங்குவோர் மாதத்தில் ஒரு பகுதிப் பொருளையேனும் நடந்து சென்று வாங்கலாம். விற்போர், தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஐந்து குற்றங்களையும் கல்லாப்பெட்டியின் மேல் எழுதி வைக்கலாம். கட்டடம் உடையவரும் அறக்கட்டளைகளும், அதிக வாடகை தருபவரைத் தேடாமல், ஊருக்குத் தேவையான கடைக்கு நீண்டகால உறுதியோடு இடம் தரலாம். மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதம் கடைவீதியில் கொள்ளும் வடிவம் அதுவே.

அழகர்மலையில் உப்பு விற்ற வியகன் தன்னால் இயன்ற அளவு கல்லைச் செதுக்குவித்தான். அரசர் பலர் எழுப்பிய மாளிகைகள் இருந்த இடம் தெரியவில்லை. அவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டாக அக்கல்லில் இருக்கிறது. எரியோட்டில் இன்று உப்பு விற்பவருக்கும் அவ்வளவு செய்ய இயலும்; தம் கடை வாசலில் வெயிலில் நிற்பவருக்கு நிழல் தர ஒரு வேம்பை நட்டு அவர் தொடங்கலாம்.